ஏழாம் திருவிழாவுக்கு வளர்த்த பங்குகள்

ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறவனைப் பார்க்க வருகிறவர்கள் பழம் கொண்டுவருவார்கள். சுபா கைத்தொலைபேசியைக் கொண்டுவந்தாள். பங்குத் தரகு நிறுவனத்தின் யாழ்ப்பாணக் கிளையில் நான் இருந்த கதிரையில் இப்போது அவள்தான் இருக்கிறாள்.

"அண்ணை, இதைப் பாருங்கோ. பங்கிலாபம் கணக்குக்கு வந்த உடனை இதுவே கேக்குது, திருப்பி அதே பங்கை வாங்கட்டோ எண்டு. ஓம் எண்டு தட்டினாச் சரி. நீங்கள் இருந்த காலத்திலை இதுக்கு என்ன செய்தனீங்கள்?"

"நான் இருந்த காலத்திலை அந்தத் தட்டுற விரல் நான்தான் பிள்ளை. பஸ்ஸிலை போய்த் தட்டினனான்."

சிரித்துவிட்டு, இதையெல்லாம் எழுதித் தந்தால் புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கொடுப்பேன் என்றாள். எழுதச் சொன்னால் நான் எழுதுவேன். சொல்லாவிட்டாலும் எழுதுவேன் என்பது என் மனைவியின் முறைப்பாடு.

தெரியாதவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். ஒரு கொம்பனியின் பங்கு உங்களிடம் இருந்தால், அது நன்றாக உழைக்கிற வருடத்தில் உங்களுக்கும் கொஞ்சம் தரும். அதுதான் பங்கிலாபம். அதை எடுத்துச் செலவழிக்கலாம். இல்லையென்றால் அந்தக் காசிலேயே இன்னும் சில பங்குகள் வாங்கலாம். வாங்கினால் அடுத்த முறை கொஞ்சம் கூடுதலாக வரும். அதற்கும் வாங்கினால் அதற்கடுத்த முறை இன்னும் கொஞ்சம். விசயம் இவ்வளவுதான். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஒரு மனிதரை இதைச் செய்யவைக்க எனக்கு அரை ஆயுள் போனது.

நான் இந்தத் தொழிலுக்கு விரும்பி வந்தவன் அல்லன். வங்கி வேலைக்கு எழுதினேன், கிடைக்கவில்லை. ஆசிரியர் வேலைக்கு எழுதினேன், பிள்ளைகள் தப்பித்தார்கள். பிறகு கொழும்பில் சில மாதம் பயிற்சி. ஏற்ற இறக்கக் கோடுகளைப் பார்த்து, இந்தக் கோடு இனி மேலே போகுமா கீழே போகுமா என்று சொல்லப் பழக்கினார்கள். நான் மேலே என்று சொன்னதெல்லாம் கீழே போனது. பயிற்சி தந்தவர் கடைசி நாளில் என் தோளில் கைபோட்டு, "நீங்கள் யாழ்ப்பாணக் கிளைக்குப் போங்கோ, அங்கை ஆக்கள் குறைவு" என்றார்.

கிளையில் உண்மையிலேயே ஆட்கள் குறைவு. முகாமையாளர் இராசநாயகம் சேர், நான், ஒரு மின்விசிறி.

சேரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. "வாங்குங்கோ" என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. அவருடைய மேசையில் ஒரு மண்பானை, அதன்மேல் தட்டு, தட்டின்மேல் ஒரு சில்வர்ப் பேணி. யாராவது வந்து இந்தக் கொம்பனிப் பங்கு ஏறுதாம், உடனே வாங்கவேண்டும் என்று பரபரத்தால், சேர் பேணியில் தண்ணீர் வார்த்து அவர்முன் வைப்பார்.

"குடியுங்கோ. ஆறுதலாக் குடியுங்கோ. குடிச்சு முடியும்வரைக்கும் ஒண்டும் கதைக்கக் கூடாது."

குடித்து முடித்த பிறகும் வாங்கவேண்டும் என்று சொன்னால் வாங்கித் தருவார். பாதிப்பேர் வாயைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த கிழமை வாறன் சேர்" என்று போய்விடுவார்கள். எங்களுக்குத் தரகுப் பணம் அவர்கள் பங்கு வாங்கினால் வரும், விற்றால் வரும். தண்ணீர் குடித்தால் வராது. இதை நான் ஒருநாள் பணிவாக எடுத்துச் சொன்னேன். எனக்கும் ஒரு பேணி வார்த்து வைத்தார்.

ஆனால் பங்கிலாபக் காசில் திருப்பி வாங்குவதற்கு மட்டும் அவரிடம் தண்ணீர் கிடையாது. ஏனென்று கேட்டேன்.

"அது ஆசையிலை வாங்கிறது இல்லை. வழக்கத்திலை வாங்கிறது. ஆசைக்குத்தான் தண்ணி" என்றார்.

என்னிடம் தீவுப்பகுதியைத் தந்தார்கள். பண்ணைப் பாலத்தைத் தாண்டி, மண்கும்பான், வேலணை, புளியங்கூடல், ஊர்காவற்றுறை. இன்னொரு நாள் புங்குடுதீவு. குறிகட்டுவானில் படகு ஏறினால் நயினாதீவு, கடல் விட்டால் நெடுந்தீவு. வாடிக்கையாளர்கள் எல்லா விதமாகவும் இருந்தார்கள். ஊர்காவற்றுறையில் அந்தோனிப்பிள்ளைச் சம்மாட்டி என்று ஒருவர், மூன்று படகுக்குச் சொந்தக்காரர். மகன் பிரான்சிலிருந்து அனுப்பிய காசில் பங்கு வாங்கியிருந்தார். திருப்பி முதலிடுகிற கதையை அவருக்கு நான் படம் கீறி விளக்கினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப தம்பி, பிடிச்ச மீனைத் தின்னாமல் திருப்பிக் கடலுக்கை விடச் சொல்லுறீர்."

"அது வளந்து குட்டியோடை வரும் ஐயா."

"எனக்குப் பசிக்குது."

ஒவ்வொரு வருடமும் பங்கிலாபம் முழுவதையும் எடுத்து அந்தோனியார் திருநாளில் வீடு நிறையச் சனத்தைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார். ஒரு சதமும் திருப்பிப் போடவில்லை. இன்றுவரை சந்தோசமாக இருக்கிறார். என் தொழிலுக்கு எதிரான சாட்சி என்றாலும் சொல்லத்தான் வேண்டும், நான் அங்கே சாப்பிட்ட கணவாய்க் கறி அவ்வளவு நல்லது.

இனி மனோன்மணி அக்காவின் கதை. புங்குடுதீவு. கணவர் தென்பகுதி நகரம் ஒன்றில் கடை வைத்திருந்தவர். தன் கடையில் எந்தச் சாமான் இராக்கைத் தட்டில் நிற்காமல் ஓடுகிறதோ அந்தக் கொம்பனியின் பங்கை வாங்குவது அவர் பழக்கம். சவர்க்காரம், பிஸ்கட், தேயிலை. அவர் போன பிறகு அந்தப் பங்குகள் அக்காவின் பெயருக்கு வந்தன. அவற்றைப் பற்றிக் கதைக்கத்தான் முதன்முறை போனேன்.

போய் இருந்தவுடன், நான் சேரின் சீடன் அல்லவா, "அக்கா, முதல்லை ரெண்டு பேரும் ஒரு பேணி தண்ணி குடிப்பம்" என்றேன்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, நீர் பங்கு விசயமா வந்தனீரோ, தண்ணி குடிக்க வந்தனீரோ? இஞ்சை கிணத்துத் தண்ணி உப்பு. தண்ணிப் பவுசர் கிழமைக்கு ஒருக்கா வரும். அதுவும் டிரைவருக்குக் காய்ச்சல் எண்டால் வராது. குடிதண்ணியை நாங்கள் அளந்து வைச்சுப் புழங்கிறம். நீர் என்னடா எண்டால் கதைக்க முதலே ஒரு பேணி கேக்கிறீர்."

எனக்கு ஒரு பிளேன்டீ மட்டும் வந்தது. கப் சின்னது. அன்றிலிருந்து தீவுக்குப் போகும்போது தண்ணீரை நானே போத்தலில் கொண்டுபோனேன்.

பங்கிலாபம் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டேன். சாமியறைக்குப் போய் அம்மாள் படத்துக்குக் கீழே இருந்து ஒரு கட்டுக் காசோலை எடுத்துவந்தார். அந்தக் காலத்தில் பங்கிலாபம் காசோலையாகத் தபாலில் வரும். ஒவ்வொன்றிலும் நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். முதல் வருமானம், அம்மாளின் காலடியில் வைத்து நல்ல நாள் பார்த்து மாற்றலாம் என்று வைத்தாராம். நல்ல நாள் வருவதற்குள் எல்லாம் காலாவதி. காலாவதி ஆகாத ஒன்றிரண்டிலும் தொகை எழுதிய இடத்தில் குங்குமம். எந்த வங்கிக்காரன் அதைக் கையால் தொடுவான்? தொட்டால் கும்பிடத்தான் தொடுவான்.

எல்லாக் கொம்பனிக்கும் எழுதி, புதிய காசோலைகள் வாங்கி, இனிமேல் நேரே வங்கிக் கணக்குக்கு வரும்படி ஒழுங்கு செய்தேன். அது முடிந்த அன்றுதான் அக்கா விசயத்துக்கு வந்தார்.

"தம்பி, எங்கடை அம்மன் கோயிலிலை ஏழாம் திருவிழா எங்கடை. என்ரை மனுசன்ரை தேப்பன் காலத்திலை இருந்து எங்கடை உபயம். இப்ப ஆர் செய்யிறது? மூத்தவள் கனடா, மற்றவன் லண்டன், கடைக்குட்டி சுவிஸ். ஒவ்வொரு வருசமும் திருவிழாவுக்கு முதல் மூண்டு பேரும் ஃபோனிலை பிடுங்குப்படுவினம். போன முறை நான்தானே கூடப் போட்டனான், நீ ஏன் குறையப் போட்டனீ எண்டு. அம்மாளுக்கு முன்னாலை எனக்கு வெக்கமா இருக்கு. ஒரு வருசம் காசு பிந்திப்போச்சு. கோயில் செயலாளர் பொன்னுத்துரை வந்து படலையிலை நிண்டு சொல்லிப்போட்டுப் போறார், செய்ய ஏலாட்டிச் சொல்லுங்கோ, சுவிஸிலை இருந்து வேறை ஒருத்தர் இந்த நாளுக்குக் காத்துக்கொண்டு நிக்கிறார் எண்டு."

"நீங்கள் என்ன நினைக்கிறியள் அக்கா?"

"ஆரிட்டையும் கேக்காமல், என்ரை கையாலை, அந்த ஒரு நாளைச் செய்யோணும். நான் இருக்குமட்டும். இந்தப் பங்கிலாபம் காணுமோ?"

கணக்குப் பார்த்தேன். போதாது. பூவுக்குக் காணும். இழுத்துப் பிடித்தால் மோதகத்துக்கும். மேளம், நாதஸ்வரம், சாத்துப்படி, ஐயர், அன்னதானம், ஜெனரேற்றர் எல்லாம் வெளியே நின்றன. அதனால்தான் சொன்னேன், இப்போதைக்கு இதைத் தொடாதேயுங்கோ, பிள்ளைகள் சண்டை பிடித்தாவது செய்யட்டும், இந்தக் காசில் வருடம் வருடம் பங்கு வாங்குவோம், ஒருநாள் அதுவே அந்த நாளைத் தாங்கும் என்று.

அக்கா கேட்டார்: "இந்தப் பங்கிலாபத்தை நான் அம்மாளுக்கு எண்டு நேர்ந்து வைச்சது. அதிலை வாங்கிற பங்கு ஆற்றை?"

"அதுவும் அம்மாளின்ரைதான் அக்கா" என்றேன். குறிகட்டுவானிலிருந்து வரும் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பஸ்ஸுக்கு நேரமானால் நான் எதற்கும் ஓம் சொல்வேன்.

அதன்பிறகு எங்கள் இருவருக்கும் ஒரு நடைமுறை வந்தது. பங்கிலாபம் வந்ததும் நான் ஃபோன் எடுப்பேன். சின்னச் சின்னத் தொகைக்கு வாங்கினால் தரகே கடித்துத் தின்றுவிடும். ஆகவே இரண்டு மூன்று கொம்பனியின் காசு சேரும்வரை பொறுப்போம். எதை வாங்குவது என்பதில் சிக்கல் இல்லை. எப்போது வாங்குவது என்பதில்தான். வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து காசு வெளியே போகக்கூடாது. செவ்வாய் ஆகாது. திங்கள் அக்கா விரதம், விரதகாலத்தில் கணக்குக் கதைக்கமாட்டார். வியாழன் நான் நெடுந்தீவில், அங்கே ஃபோன் இழுக்காது. மிஞ்சியது புதன். புதனிலும் மத்தியானம் பன்னிரண்டுக்கு இராகுகாலம் தொடங்கிவிடும். சந்தை திறப்பது காலை ஒன்பதரைக்கு. அந்த இடைவெளிக்குள் வாங்கவேண்டும்.

"சேர், விலை திங்கள் குறைவா இருந்தது. புதன் ஏறிப்போச்சு" என்று ஒருமுறை சேரிடம் அழுதேன்.

"இன்னொரு புதன் இறங்கும். வருசக்கணக்கிலை வாங்கிற ஆளுக்கு எல்லாப் புதனும் ஒண்டுதான்" என்றார். அவர் சொன்னது சரி. ஏறின புதனும் இருந்தது, இறங்கின புதனும் இருந்தது. நல்ல விலையைத் தேடித் திரிந்த மற்ற வாடிக்கையாளர்களை விட அக்கா ஒன்றும் மோசமாக வாங்கவில்லை. பயிற்சியில் படித்த கோடுகளை எல்லாம் அன்றைக்கே மறந்துவிட்டேன். ஏற்கெனவே பாதி மறந்துதான் இருந்தது.

பங்கு கூடியது. பங்கிலாபமும் கூடியது. ஆனால் திருவிழாவும் சும்மா நிற்கவில்லை. நாங்கள் மோதகத்தை எட்டிப்பிடித்த வருடம் மேளம் இரண்டு கூட்டம் ஆனது. மேளத்தை எட்டினால் பூ கொழும்பிலிருந்து வரத் தொடங்கியது. ஏழாம் திருவிழா முன்னே ஓட, நானும் அக்காவும் பின்னே ஓடினோம். ஒரு கொம்பனி பங்கிலாபம் தருவதையே நிறுத்திவிட்டது. "அந்தச் சவர்க்காரத்தை நான் இனி வாங்கமாட்டன்" என்றார் அக்கா. வாங்கவுமில்லை.

பிறகு நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலம் வந்தது. பங்கு விலை எல்லாம் குப்புற விழுந்தது. வங்கியில் நிலையான வைப்புக்கு முன்பு கேள்விப்படாத வட்டி. எல்லாரும் விற்றுக்கொண்டு வங்கிக்கு ஓடினார்கள். நானும் ஓடினேன். மற்றவர்களுக்குப் பொறுமை போதித்துச் சம்பளம் வாங்கியவன், என்னுடைய சொந்தப் பங்குகளை அடிவிலைக்கு விற்றுப்போட்டு வரிசையில் நின்றேன். சேர் அப்போது ஓய்வு பெற்றுக் கொக்குவிலில் இருந்தார். இல்லாவிட்டால் எனக்குப் பேணி அல்ல, பானையையே தந்திருப்பார்.

அக்காவுக்கும் ஃபோன் எடுத்து, விற்கிறதென்றால் இப்போதே சொல்லுங்கோ என்றேன்.

"எதை விக்கிறது? அம்மாளின்ரை சொத்தை நான் விக்க ஏலுமே? என்ன கதை கதைக்கிறீர்!"

அது தீர்க்கதரிசனம் என்று நான் சொல்லமாட்டேன். அக்காவுக்குச் சந்தை எங்கே போகிறது என்று தெரியாது, எனக்கும் தெரியாது. கோயில் சொத்தில் கைவைக்கப் பயம், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பயத்தோடு அவர் அடிவிலையில், புதன்கிழமைகளில், வந்த சொற்பக் காசுக்கும் வாங்கிக்கொண்டே இருந்தார். வங்கி வட்டி பிறகு இறங்கியது. பங்கு எழும்பியது. என்னுடைய பங்குகளும் எழும்பின. அவை வேறு யாருடைய கையிலோ இருந்து எழும்பின.

நான் ஓய்வு பெறவிருந்த வருடம் ஒரு நாள் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். நம்பவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுத் திருப்பிக் கூட்டினேன். அந்த வருடப் பங்கிலாபம் ஏழாம் திருவிழாவை மேளம், பூ, ஜெனரேற்றர் உட்படத் தாங்கியது. கொஞ்சம் மிச்சமும் இருந்தது.

அக்காவுக்குச் சொன்னேன். பின்னால் பாடிக்கொண்டிருந்த ரேடியோவை நிறுத்துவது கேட்டது. பிறகு, "தம்பி, திருப்பி ஒருக்காச் சொல்லும்" என்றார். சொன்னேன். அன்றைக்கே மூன்று பிள்ளைகளுக்கும், இந்த முறை ஒருவரும் காசு அனுப்பவேண்டாம் என்று அறிவித்துவிட்டார். அடுத்தநாள் விடிய கனடாவிலிருந்து மூத்த மகள் எனக்கு எடுத்தாள்.

"அங்கிள், அம்மாவுக்கு என்ன நடந்தது? காசு வேண்டாம் எண்டு சொல்லுறா. டொக்டரிட்டைக் காட்டினீங்களோ?"

பிழை அங்கே நடக்கவில்லை. கோயில் விசயத்தில் நடந்தது. திருவிழா வேலை கதைக்க வந்த செயலாளர் பொன்னுத்துரை ஐயாவிடம் அக்கா சந்தோசத்தில் சொல்லியிருக்கிறார்: "இந்த முறை பிள்ளையளின்ரை காசு இல்லை. அம்மாளே தன்ரை பங்கிலை தன்ரை திருவிழாவைச் செய்யிறா."

பொன்னுத்துரை ஐயா கெட்ட மனிதர் அல்லர். சட்டம் பார்க்கிற மனிதர். அம்மாளின் பங்கு என்றால் கோயில் பங்கு. கோயில் காசில் நடந்தால் அது பொது உபயம். பொது உபயம் என்றால் ஏழாம் திருவிழா இனி அந்தக் குடும்பத்தின் நாள் இல்லை. சுவிஸ்காரர் வேறு காத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நிர்வாகக் கூட்டம் வைத்து முடிவெடுப்போம் என்றுவிட்டார்.

அக்கா ஃபோனில் அழுதார். "தம்பி, என்ரை பங்கு எண்டு சொன்னா அம்மாளுக்குப் பொய் சொன்ன மாதிரி. அம்மாளின்ரை எண்டு சொன்னா நாள் போகுது. நீர்தானே அண்டைக்கு அம்மாளின்ரை எண்டு சொன்னனீர்!"

கடைசி பஸ்ஸைப் பிடிக்கச் சொன்ன ஒரு ஓம் இவ்வளவு தூரம் வரும் என்று யார் கண்டது? கொக்குவிலுக்குப் போய்ச் சேரிடம் யோசனை கேட்டேன். முழுக்கைச் சட்டையோடு வந்து இருந்தார். முழுக்கதையையும் கேட்டார்.

"அவையள் என்ன கேட்டாலும் உடனை மறுமொழி சொல்லாதையும். முதல்லை தண்ணியைக் குடியும்" என்றார். அவ்வளவுதான். பஸ் காசுக்குப் பெறுமதியான யோசனையாக அப்போது எனக்குத் தெரியவில்லை.

கூட்டம் கோயில் மடத்தில், என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நிர்வாகசபையினர் ஏழெட்டுப் பேர் வட்டமாக இருந்தார்கள். அக்கா ஒரு தூணோடு நின்றார். செயலாளர் என்னைப் பார்த்தார்.

"தம்பி, ஒரு கேள்விதான். ஓம், இல்லை எண்டு சொன்னாக் காணும். பங்கிலாபத்திலை வாங்கின பங்கு அம்மாளின்ரை எண்டு நீர் சொன்னனீரோ?"

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓம் என்றால் நாள் போயிற்று. இல்லை என்றால் அவர் அந்தக் கோயில் வாசலை மிதிக்கமாட்டார்.

"கொஞ்சம் தண்ணி தாறியளே?" என்றேன்.

ஒரு பெரிய செம்பில் கொண்டுவந்து தந்தார்கள். நான் ஆறுதலாகக் குடிக்கத் தொடங்கினேன். மனிதர்களால் சும்மா இருக்க ஏலாது. நான் குடிக்கக் குடிக்க அவர்கள் தங்களுக்குள் கதைக்கத் தொடங்கினார்கள்.

"உந்தப் பங்கு எண்டுறது என்னண்டு? கோழி மாதிரியோ?" என்றார் ஒருவர்.

"கோழியை நேர்ந்து விட்டா முட்டையும் கோயிலுக்குத்தான்."

"கோயிலுக்கு முட்டை என்னத்துக்கடாப்பா? சைவக் கோயில்!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் இன்னொரு மிடறு குடித்தேன்.

"சரி, பசு எண்டு வைப்பம். நேர்ந்து விட்ட பசு கண்டு போட்டா, கண்டும் கோயிலின்ரை" என்றார் இன்னொருவர்.

"அதைத்தானே நானும் சொல்லுறன்!" என்று செயலாளர் தொடையில் தட்டினார்.

மூலையில் மஞ்சள் சால்வையோடு இருந்த ஒரு கிழவர் கையை உயர்த்தினார். "பொறு பொன்னுத்துரை. உன்ரை தேப்பனார் ஒரு சிவப்புப் பசு நேர்ந்து விட்டவரெல்லே? அது எங்கை நிண்டது?"

"எங்கடை வளவிலை."

"புல்லுப் போட்டது ஆர்?"

"நாங்கள்தான்."

"கண்டுக்கு?"

"அதுக்கும் நாங்கள்தான்."

"வெள்ளிக்கிழமையிலை பால் அபிஷேகத்துக்கு ஒலிபெருக்கியிலை ஆற்றை பேர் சொன்னவை?"

செயலாளர் மேலே கூரையைப் பார்த்தார். "எங்கடை ஐயாவின்ரை பேர்" என்றார், மெதுவாக.

செம்பில் தண்ணீர் முடிந்திருந்தது. கீழே வைத்தேன்.

"ஓம் ஐயா, நான் சொன்னது உண்மை" என்றேன். "பங்கு அம்மாளின்ரைதான். ஆனால் இத்தனை வருசமும் ஒரு சொட்டுப் பால் தான் குடிக்காமல் அதை மேய்ச்சது இந்த அக்கா."

"அப்ப பசுவைக் கோயிலிலை கொண்டுவந்து கட்டட்டும்" என்று செயலாளர் கடைசியாக ஒருமுறை முயன்றார்.

"கட்டினா ஆர் புல்லுப் போடுறது? நீயோ?" என்றார் மஞ்சள் சால்வை. "முதல் வருசமே கறந்து மதிலுக்கு வெள்ளையடிச்சுப் போடுவியள்."

அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள், செயலாளரும் சிரித்தார். ஏழாம் திருவிழா அக்காவின் நாள் என்று முடிவாயிற்று. சுவிஸ்காரருக்குக் கொடியேற்றத்துக்கு முதல்நாள் ஒரு விசேட பூசை புதிதாக உண்டாக்கிக் கொடுத்தார்கள். அவருக்கும் சந்தோசம். தூணோடு நின்ற அக்கா நன்றியை என்னிடம் சொல்லவில்லை. நேரே உள்ளே போய் அம்மாளிடம் சொன்னார்.

திருவிழா அன்று நானும் மனைவியும் போனோம். இரவுப் பூசைக்கு முன் ஒலிபெருக்கியில் உபயகாரர் பெயர் வாசிப்பார்கள். எங்கள் பக்கத்தில் பெயர் ஒரு மூச்சு, அதற்குப் பின்னால் வருகிற, காசு அனுப்பிய பிள்ளைகளின் நாடுகள் மூன்று மூச்சு. அறிவிப்பாளர் பழக்கத்தில் நல்ல நீளமாக மூச்சை இழுத்துக்கொண்டு தொடங்கினார்.

"இன்றைய ஏழாம் திருவிழா உபயகாரர், திருமதி மனோன்மணி, புங்குடுதீவு..."

அடுத்த நாட்டுக்காகக் கடதாசியைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஒலிபெருக்கியை நிறுத்த மறந்து பக்கத்தில் கேட்டார்: "வேறை இடம் ஒண்டும் இல்லையோ?"

"இல்லை. இவ்வளவுதான்" என்ற செயலாளரின் குரல் ஊர் முழுக்கக் கேட்டது.

முன்வரிசையில் நின்ற அக்கா கூப்பிய கையை எடுக்கவில்லை. ஆனால் தோள் இரண்டும் குலுங்கியதைப் பார்த்தேன். சிரித்தாரா அழுதாரா என்று இன்றுவரை கேட்கவில்லை. மூன்று பிள்ளைகளும் ஆளுக்கொரு ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அந்த வருடம் சண்டை பிடிக்க விசயம் இல்லாமல், மேளம் நல்லதா நாதஸ்வரம் நல்லதா என்று சண்டை பிடித்தார்களாம்.

அதற்கு அடுத்த புதன் என் வேலையின் கடைசிப் புதன். ஃபோனில் முடிக்கக்கூடிய விசயத்துக்கு நேரிலேயே போனேன். நல்ல வெயில். புங்குடுதீவுப் பாலத்தில், பிற்காலத்தில் வாங்கிய என் மோட்டார்சைக்கிள் சூடாகி நின்று, கொஞ்சம் தள்ளிக்கொண்டும் போனேன்.

"திருவிழா போக மிச்சம் கொஞ்சம் கிடக்கெல்லே?" என்றார் அக்கா, நான் இருக்க முதலே.

"கிடக்கு அக்கா. அந்தக் காசை என்ன செய்ய?"

"இதென்ன கேள்வி? பங்கிலாபக் காசுக்கு என்ன செய்யிறது? வாங்கும்."

சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு சில்வர்ப் பேணி. விளிம்பு தளும்பத் தண்ணீர். பவுசர்த் தண்ணீர்.

"அக்கா, பங்கிலாபத்திலை வாங்கிறதுக்குத் தண்ணி தேவையில்லை. அது எங்கடை சேரின்ரை சட்டம்."

"உது சட்டத்துக்கு இல்லை. வெயிலுக்கை வந்திருக்கிறீர். குடியும்."

ஒரு சொட்டும் சிந்தாமல் முழுவதையும் குடித்தேன். பிறகு அப்போதுதான் கிளையில் சேர்ந்திருந்த சுபாவுக்கு ஃபோன் எடுத்து, என்ன வாங்கவேண்டும் என்று சொன்னேன். பன்னிரண்டு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது.